பாப்பாவை எந்தக் கோச்சிங்கில் சேர்ப்பது என்று கேட்ட அப்பாவுக்கு

ஐயா, பாப்பாவோடு என் ஆபீசுக்கு வந்துவிட்டு எழுந்து போகும்போது நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். வேலைத் தேர்வுக் கோச்சிங்குக்குத் திருச்சியில் சேர்க்கலாமா, தஞ்சாவூரிலேயே பார்க்கலாமா? இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்று அன்றைக்குச் சொல்ல நேரமில்லை, அதனால் எழுதுகிறேன்.

பி.எஸ்சி. கணிதத்தில் 82 சதவீதம் வைத்திருக்கிற பொண்ணைக் கேம்பஸில் குரூப் டிஸ்கஷனிலேயே கழற்றிவிட்டார்கள், இங்கிலீஷ்தான் குறை என்றீர்கள். இங்கிலீஷ் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் அவளிடம் தமிழில்தானே பேசினேன்? அதுவும் உங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கேள்வியாகவே கேட்டேன். "மேட்டூர் அணை 120 அடி நிரம்பிவிட்டது. அதனால் இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர்க் கஷ்டம் இல்லை. இது சரியா?"

கடகடவென்று சொன்னாள். ஸ்டான்லி நீர்த்தேக்கம், 1934இல் கட்டி முடித்தது, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. எல்லாம் சரி. நான் கேட்டதற்குத்தான் பதில் இல்லை. மறுபடி கேட்டேன். "சரி சார்" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு "இல்ல சார், தப்பு" என்றாள். விடையை என் முகத்தில் தேடினாளே தவிர, கேள்வியில் தேடவில்லை.

பக்கத்தில் இருந்த உங்களுக்குத்தான் பொறுக்கவில்லை. "தூர்வாரியிருக்கணும்ல சார்? முறை வெச்சு விட்டா நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்? மேல வரத்து நின்னுபோச்சுன்னா 120 அடி எத்தனை நாளைக்குக் காணும்?" என்று அடுக்கினீர்கள். 2023இல் ஜூன் 12ஆம் தேதியே திறந்தார்கள், அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீரும் இருந்தது, அப்புறம் குறுவை ஏன் தண்ணீரில்லாமல் காய்ந்தது என்றும் கேட்டீர்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு முந்தினதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: எத்தனை நாளைக்குக் காணும்? விநாடிக்கு 20,000 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.73 டி.எம்.சி. போகும். 93.47ஐ அதால் வகுத்தால் 54 நாள். வரத்தே இல்லாவிட்டால், நிரம்பிய அணையும் அந்தக் கணக்கில் இரண்டு மாதம் தாங்காது. சம்பாவுக்கு நீங்கள் போடுகிற 1009 நெல் ரகம் 150 நாளைத் தாண்டும். மிச்சத்தை ஐப்பசி, கார்த்திகை மழையும் மேலிருந்து வருகிற தண்ணீரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். கணிதம் படிக்கிற பொண்ணுக்கு 93.47 மனப்பாடம். அதை வகுத்துப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

அவள்மேல் இல்லை. கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் கடைசி வருஷப் பிள்ளைகளிடம் இதையே பார்க்கிறேன். "நீ சொன்னதற்கு எதிராக ஒரு காரணம் சொல்லு" என்றால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்கிறது. கொஸ்டின் பேங்க், பரீட்சைக்கு முதல் வாரம் "இம்பார்ட்டன்ட்", அதற்கு அப்படியே ஒரு பதில். பிராஜெக்ட்டைக்கூடப் பணம் கொடுத்துப் பிராஜெக்ட் சென்டரில் வாங்கிக்கொள்கிறார்கள். இப்போது அந்தச் செலவும் மிச்சம், போனில் ஏ.ஐ.யிடம் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எதிர்க்கேள்வி கேட்ட பிள்ளைக்கு 'அதிகப்பிரசங்கி' என்று பெயர், இன்டர்னல் மார்க்கிலும் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. கௌரவ விரிவுரையாளர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. குறைந்த சம்பளத்தில் சிலபஸை முடிக்க ஓடுகிறவர்கள் அவர்கள்.

தேர்வு விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் மொத்தம் 200 கேள்வி, அதில் திறனறிவு 25தான். மனப்பாடத்தை வைத்தே கரையேறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாப்பா ஆசைப்படுவது வங்கி அதிகாரி வேலைக்கு. ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் 100 கேள்வி, ரீசனிங் மட்டும் 35. வங்கித் தேர்வுகளில் ஒரு வகைக் கேள்வி உண்டு: இரண்டு தகவலைக் கொடுத்து, விடை சொல்ல இவை போதுமா, போதாதா என்று கேட்பார்கள். விடை என்ன என்று கேட்கவே மாட்டார்கள். நான் கேட்ட மேட்டூர்க் கேள்வியும் அந்த ஜாதிதான். கோச்சிங்கில் இதற்கு ஷார்ட்கட் சொல்லித் தருவார்கள். இவள் அதையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவாள்.

கோச்சிங்கே கூடாது என்று சொல்லவில்லை. எங்கே சேர்வது என்று அவளே போய் விசாரித்து வரட்டும், நீங்கள் கூடப் போக வேண்டாம். ஃபிளெக்ஸில் இத்தனை பேர் பாஸ் என்று போட்டிருந்தால், எத்தனை பேர் சேர்ந்து அத்தனை பேர் என்று கேட்கட்டும். எந்த வருஷம்? அந்தப் படத்தில் இருக்கிறவர் முழு வகுப்புக்கும் வந்தவரா, மாதிரி இன்டர்வியூவுக்கு மட்டும் ஒரு நாள் வந்து போனவரா? இரண்டு இடத்திலும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, எது, ஏன் என்று உங்களிடம் வாதாடட்டும். அதற்கு அப்புறம் பணம் கட்டுங்கள்.

ஐயா, அடுத்ததைச் சொன்னால் வருத்தப்படக் கூடாது. அன்றைக்கு நான் பாப்பாவிடம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். என்ன பிடிக்கும் என்று கேட்டதற்குக்கூட. வீட்டிலும் இப்படித்தான் என்றால் அவள் எங்கே பேசிப் பழகுவாள்?

உங்களிடம் சரக்கு இல்லாமல் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17க்கு மேல், 19 காட்டுகிறது என்றால் நீங்கள் மூட்டையைத் திருப்பி ஏற்றிக்கொண்டா வருவீர்கள்? எந்த மூட்டையில் எடுத்தீர்கள், மேலாகவா அடியிலா, இன்னொன்றில் குத்திப் பாருங்கள் என்று நிற்பீர்கள். விதைக்கடைக்காரர் ஒரு ரகத்தை ஓகோ என்று சொன்னால், எந்த ஊரில், எந்தப் பட்டத்தில் அப்படி விளைந்தது என்று கேட்பீர்கள். அவளுடைய புள்ளியியல் தாளில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றன. அது இதுதான் என்று அவளுக்குத் தெரியாது. இந்த அறுப்புக்கு மூட்டையோடு அவளையும் அழைத்துப் போங்கள். வயசுப் பொண்ணு அங்கே எதற்கு என்று அம்மா சொல்வார். நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். பயிர்க்கடன், பயிர்க் காப்பீட்டுத் தாள்களை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எது சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள், அதட்டாமல். அவள் திருப்பி உங்களை அதையே கேட்கும்போது கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி செமஸ்டரில் பிராஜெக்ட் உண்டு என்றாள். கடையில் வாங்க விடாதீர்கள். மேட்டூர் நீர்மட்டமும் நீர் திறப்பும் பேப்பரில் அன்றாடம் வருகின்றன. ஒரு பருவத்துக்கு அதை ஒரு பக்கம் எழுதி, உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதிகளை எதிரே எழுதினால் போதும், எத்தனையோ கேள்வி தானாகக் கிளம்பும். நாளைக்கு இன்டர்வியூவில் பிராஜெக்டைப் பற்றிக் குடைந்தால் அவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்காது.

விசாரித்து முடித்ததும் ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அனுப்பி வையுங்கள். அவளை மட்டும். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து என் ஆபீசுக்கு வர அவளுக்கு வழி தெரியும்.