ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு எந்தத் தலையணை சரி?

தலையின் பாரத்தில் அமுங்கிய பிறகும் கழுத்தை முதுகெலும்போடு ஒரே நேராக வைத்திருப்பதுதான் நல்ல தலையணை. ஒருக்களிக்கும்போது தோள் மெத்தையில் ஊன்றுவதால் காதுக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. அது நிரம்பாவிட்டால் கழுத்து இரவு முழுக்க வளைந்தே கிடக்கும், காலையில் பிடிப்பு. கொடைக்கானல் சரிவில் வீடு கட்டும்போது பள்ளமான பக்கம் கல் அடுக்கித் தரையை மட்டமாக்குகிறார்களே, அதே வேலைதான்.

உயரம் ஆளுக்கு ஆள் மாறும். அகன்ற தோளுக்கு உயரம் கூட வேண்டும். மெத்தை மெத்தென்று இருந்தால் தோள் புதைந்துவிடும், அப்போது குறைவாகவே போதும். படுத்தபடி வீட்டில் யாரையாவது முதுகுப் பக்கமிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

கொடைக்கானல் மாதிரி மலை ஊர்களில் இன்னொரு தொல்லை. அமுக்கினால் மெல்ல மீளும் நுரைத் தலையணையான மெமரி ஃபோம் குளிரில் விறைத்துக்கொள்ளும். மதுரைக் கடையில் அமுக்கிப் பார்த்த மென்மை மார்கழி ராத்திரியில் இருக்காது. பஞ்சோ, ஐப்பசி மழையில் ஈரம் ஏறிக் கட்டி தட்டும். வெயில் தலைகாட்டும்போது காயப்போட்டு உதற வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு பஞ்சுக்கே. தையலைப் பிரித்துக் கூட்டலாம், குறைக்கலாம்.

அப்புறம், “தலையணையே இல்லாமல் படுப்பதுதான் கழுத்துக்கு நல்லது” என்பார்கள். குப்புறப் படுப்பவருக்கு ஒருவேளை சரி, ஒருக்களிப்பவருக்கு அது பொருந்தாது.