கண்டெடுத்த பென்சில்கள்

வணக்கம்.

நான் எட்டாம் வகுப்பு ஆசிரியை. போன மாதம் என் வகுப்புப் பையன் ஒருவன் மைதானத்தில் கிடந்த பர்ஸை எடுத்துவந்து கொடுத்தான். உள்ளே ஆயிரத்துச் சொச்சம் பணம் இருந்தது. காலை வழிபாட்டில் எல்லோரையும் கைதட்டச் சொல்லி, அவனுக்கு ஒரு பேனா பரிசளித்தோம். அடுத்த வாரத்திலிருந்து என் மேசையில் 'கண்டெடுத்த' பொருட்கள் குவிகின்றன. பென்சில், ரப்பர், ஒரு ரூபாய்க் காசு. பாதி அவர்களுடையதேதான், எனக்குத் தெரியும். இதே பிள்ளைகள் கள்ளாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் தட்டாமல் ஒப்பிப்பார்கள். நீங்கள் கிரேக்கத் தத்துவம் பற்றி எழுதுகிறீர்களே, நல்ல குணத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அவர்கள் நம்பினார்களா? நான் பரிசு கொடுத்தது தப்பா? இன்னொன்று, கிரேக்கர்களின் 'அரெத்தே' நம் 'அறம்'தான் என்று ஒரு காணொளியில் கேட்டேன். உண்மையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. காதுக்கு ஒன்றுபோல் கேட்பதை வைத்து உறவு கொண்டாட முடியாது. பொருளும் ஒட்டவில்லை. ஒன்று தன் வேலையைச் சிறப்பாகச் செய்ய வைக்கும் தன்மைதான் அரெத்தே. நன்றாக ஓடுவதும், ஏறியவனைச் சுமப்பதும், எதிரி பாய்ந்து வரும்போது மிரளாமல் நிற்பதும் குதிரையின் அரெத்தே என்கிறார் அரிஸ்டாட்டில். குதிரைக்கு அறம் உண்டு என்று நாம் யாரும் சொல்லமாட்டோம்.

உங்கள் முதல் கேள்வியை அப்படியே சாக்ரடீஸிடம் கேட்டவன் மேனோ. தெஸ்ஸாலியிலிருந்து ஏதென்ஸுக்கு வந்த பணக்கார இளைஞன். அவன் பெயரிலேயே உள்ள பிளேட்டோவின் உரையாடல், முன்னுரை எதுவும் இல்லாமல் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. நற்குணம் கற்றுத் தெரிவதா, பழகி வருவதா, பிறவியிலேயே அமைவதா?

அதில் எனக்குப் பிடித்த இடம் தெமிஸ்டோக்ளிஸின் மகன் வரும் இடம். தெமிஸ்டோக்ளிஸ் கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களை முறியடித்தவர். மகன் கிளியோஃபாண்டஸுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தார். பையன் ஓடும் குதிரையின் முதுகில் நிமிர்ந்து நின்றபடியே ஈட்டி எறிவான். அவ்வளவு தேர்ச்சி. ஆனால் அப்பாவைப்போல் அவன் நல்லவன், விவேகி என்று ஊரில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா என்கிறார் சாக்ரடீஸ். சொல்லித்தரக்கூடியதாக இருந்தால், ஈட்டி எறியக் கற்றுக்கொடுத்த அப்பா இதை மட்டும் மறைத்தா வைத்திருப்பார்? ஏதென்ஸின் பெரும் தலைவர் பெரிக்ளிஸின் மகன்களையும் இழுக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிட்டஸுக்கு இது பொறுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைப் பற்றி லேசாகப் பேசுகிறாய், ஜாக்கிரதை என்று எச்சரிக்கிறார். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது வழக்குப் போட்ட மூவரில் ஒருவர் இந்த அனிட்டஸ். மேனோ என்ன ஆனான் என்றால், பாரசீக இளவரசன் ஒருவனுக்காகக் கிரேக்கக் கூலிப்படை போன படையெடுப்பில் அவனோடு கூடவே போன எழுத்தாளர் ஸெனஃபன் அவனைப் பேராசைக்காரன், நயவஞ்சகன் என்று எழுதிவைத்திருக்கிறார். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

உரையாடல் முடிகிறபோது, நற்குணம் தெய்வம் கொடுப்பதுபோல் இருக்கிறது என்று கைவிரித்துவிடுகிறார் சாக்ரடீஸ். உங்கள் வகுப்புக்கு அது உதவாது. அரிஸ்டாட்டிலிடம் போவோம்.

மேல்நோக்கிப் பதினாயிரம் தடவை எறிந்தாலும் கல் மேலே போகப் பழகாது என்கிறார் அவர். மனிதன் அப்படியல்ல. குணம் பிறவியிலேயே வந்துவிடுவதில்லை, ஆனால் அதைப் பழக்கிக்கொள்ளும் இடம் நமக்குள் இருக்கிறது. வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க்காரன் ஆகிறான். நியாயமாக நடந்து நடந்துதான் நியாயமானவன் ஆகிறான். இதுவரைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து அவர் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது. மோசமான யாழ்க்காரன் உருவாவதும் அதே யாழை வாசித்துத்தான். பழக்கம் இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

உங்கள் பிள்ளைகள் இப்போது எதைப் பழகுகிறார்கள்? கைதட்டு வாங்கத்தான்.

குறள் ஒப்பிப்பதற்கும் அவரிடம் ஓர் இடம் இருக்கிறது. குடிபோதையில் இருப்பவன்கூட, தத்துவத்தைச் செய்யுளாக எழுதிய எம்பெடோக்ளிஸின் செய்யுட்களைச் சொல்வான் என்கிறார். புதிதாகப் படிக்கிறவர்களும் வார்த்தைகளைச் சரியாகக் கோத்துவிடுவார்கள், ஆனால் இன்னும் அறிந்தவர்கள் ஆகவில்லை. படித்தது அவர்களோடு சேர்ந்து வளர்ந்து உடம்பில் ஒட்ட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். நாள் பிடிக்கும் என்கிறார், வீண் என்கவில்லை. நன்னெறி வகுப்பைக் கேலி செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது. கேட்டதோடு நிறுத்திக்கொள்கிறவர்களைத்தான் அவர் கடிந்துகொள்கிறார். வைத்தியர் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு எதையும் செய்யாத நோயாளிகள் அவர்கள். அரிஸ்டாட்டிலின் அப்பா மாசிடோனிய அரசரின் வைத்தியர். அப்படிப்பட்ட நோயாளிகளை வீட்டில் நிறையப் பார்த்திருப்பார்.

(இதே மனிதர்தான் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றும் வாதிட்டார். கற்பூரம் காட்டவேண்டிய ஆள் இல்லை.)

பரிசு தப்பா என்றால், தொடக்கத்துக்குத் தப்பில்லை. பக்கத்தில் ஒருவர் எடுத்துக்கொடுக்க இலக்கணப் பிழையில்லாமல் எழுதுகிற பையன் இலக்கணம் தெரிந்தவன் ஆகிவிடமாட்டான், ஆனால் அப்படி எழுதாமல் எவனும் தெரிந்துகொண்டதில்லை. பேனாவை இனிமேல் நிறுத்திவிடுங்கள். மேசைக்கு வரும் பென்சிலை வாங்கி, 'யாருடையது, போய்க் கொடுத்துவிட்டு வா' என்று அந்தப் பிள்ளையையே அனுப்பிப் பாருங்கள். தன் பென்சிலையே கொண்டுவந்தவன் முழிப்பான். உண்மையிலேயே கண்டெடுத்தவனுக்கு, தொலைத்தவனின் முகம் பார்க்கக் கிடைக்கும்.

ஒரு செயலைச் செய்யும்போது கூடவே வரும் சந்தோஷமோ வருத்தமோதான் உள்ளே படிந்திருக்கும் குணத்துக்கு அடையாளம் என்பது அரிஸ்டாட்டிலின் கணக்கு. அதை வைத்து எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த முதல் பையன் பர்ஸை உங்களிடம் நீட்டியபோது அவன் முகம் எப்படி இருந்தது? வழிபாட்டில் பேனா வாங்கியபோது எப்படி இருந்தது? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை. ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.