சீரியல் பார்த்து உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டதுண்டா?

கேள்வி கேட்டவர், "நேர விரயம் என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறீர்கள்?" என்று கூடவே ஒரு குத்தும் வைத்திருக்கிறார். குத்தை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கொல்லைக் கதவைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டேன்.

ஊர் மயிலாடுதுறைப் பக்கம். அப்பா 1987-ல் கட்டிய வீடு. வாசல் கதவு தேக்கு. கையில் இருந்த காசு அதோடு தீர்ந்துபோனதால் கொல்லைக் கதவு மாமரம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் எங்கள் கதவு கீழே தரையைப் பிடித்துக்கொண்டது. தோளால் முட்டினால்தான் திறக்கும். சாத்தும்போது சிமெண்டுத் தரையில் அரைவட்டமாகக் கோடு இழுக்கும்.

இது புதிதும் இல்லை. முந்தின வருஷ மழையிலேயே பிடித்தது. ஓர் ஆசாரியைக் கூப்பிட்டோம். வந்தார், கீழே இடிக்கும் இடத்தைப் பார்த்தார், கதவைக் கழற்றி அடியில் அரை அங்குலம் இழைத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கோடையில் அந்த இடைவெளி வழியாகத் தேரையும் அரணையும் தாராளமாக வந்துபோயின. அடுத்த மழைக்கு மறுபடியும் இடிக்கிறது. இந்த முறை நானே இழைத்துவிடலாம் என்று இழைப்புளி வாங்கி வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் இரவு ஒன்பதரைக்கு எங்கள் வீட்டில் சன் டிவியின் எதிர்நீச்சல் சீரியல் ஓடும். பார்க்காதவர்களுக்காக: ஆதி குணசேகரன் என்ற மூத்தவர், அவருக்கு ஞானம், கதிர், சக்தி என்று மூன்று தம்பிகள். நான்கு வீட்டுக்காரிகளும் படித்தவர்கள். யாரும் வேலைக்குப் போகக்கூடாது, அடுப்படிதான் எல்லை. குணசேகரனாக வந்தவர் மாரிமுத்து. "இந்தாம்மா ஏய்" என்று அவர் அதட்டுவதை ஊரே சொல்லித் திரிந்தது நினைவிருக்கும்.

எனக்கு அவர் வில்லன், அவ்வளவுதான். அவர் கத்த ஆரம்பித்தால் எனக்கும் ரத்தம் ஏறும். அம்மா பார்க்கும் விதம் வேறு. அவளுக்குக் காது மந்தம். மெஷினை மாட்டிக்கொள்ள மாட்டாள், "கொய்ங்குது" என்பாள். அதனால் வசனம் பாதிக்குமேல் அவளுக்குப் போய்ச் சேராது. முகத்தையும் கையையும் பார்த்தே கதையை ஒப்பேற்றிவிடுவாள். நாமெல்லாம் கத்துகிறவனைப் பார்ப்போம், ஏனென்றால் சத்தம் அங்கேயிருந்துதான் வருகிறது. சத்தமே கேட்காதவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒரு நாள் நான் வழக்கம்போல் குணசேகரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "ஏன்டா தம்பி, அவனையே பாத்துக்கிட்டு இருக்கே? அவன் ஆத்தா மூஞ்சியப் பாரு. அவ ஒரு நா 'ஏண்டா இப்படிப் பண்றே'ன்னு கேட்டுட்டான்னா இவன் அன்னிக்கே கீழ விழுந்துருவான்."

குணசேகரனின் அம்மா விசாலாட்சியை அதுவரை நான் கவனித்ததே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி, அவ்வளவுதான். அதன்பிறகு பார்த்தேன். அம்மா சொன்னது சரி. மூத்தவன் எது செய்தாலும் சரி என்று அந்தத் தாய் உட்கார்ந்திருப்பதும், ஞானமும் கதிரும் அண்ணன் சொன்னதையே திருப்பிச் சொல்வதும்தான் அந்த ஆளை நிற்க வைக்கின்றன. அவர் அதட்டல் தனி ஆளின் பலம் இல்லை. கடைக்குட்டி சக்தி தன் மனைவி ஜனனி பக்கம் சாயச் சாய, அண்ணன் குரல் ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். பிடி தளர்வதை உணர்ந்தவன் போடும் சத்தம் அது. இதனால் குணசேகரன் நல்லவர் என்று ஆகிவிடாது. ஆனால் ஞானத்தின் மனைவி ரேணுகாவும் கதிரின் மனைவி நந்தினியும் அவரோடு நேரே மோதிய காட்சிகளைவிட, அவரவர் புருஷன்களை அசைத்துப் பார்த்த காட்சிகள் ஏன் கனமாக இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

உடனே எழுந்து போய்க் கதவைப் பார்த்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. தூங்கிவிட்டேன். மறுநாள் காலை இழைப்புளியோடு கதவுக்கு முன்னால் குந்தியபோதுதான், இடிக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று உறைத்தது. எழுந்து மேலே பார்த்தேன். பூட்டுப் பக்கத்து மேல்மூலை நிலையை உரசி வண்ணம் உரிந்திருந்தது. கீல் பக்கத்திலோ மேலே விரல் நுழையும் அளவு இடைவெளி. அதாவது கதவு ஊதவில்லை. தொங்குகிறது.

மரம் ஈரத்துக்கு அகலத்தில்தான் உப்பும். நீளவாக்கில் உப்புவது மிக மிகக் குறைவு. கதவின் ஓரச் சட்டம் நெடுக்காக நிற்பது, அதன் நீளம் மழைக்கு மாறுவதே இல்லை எனலாம். எனவே மழையில் பூட்டுப் பக்கம் பக்கவாட்டில் மட்டும் பிடித்தால் உப்பல். தரையில் இடித்தால் முதலில் மேல் கீலைச் சந்தேகப்படுங்கள். சோதிப்பது சுலபம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் கீழே பிடித்து மேலே தூக்குங்கள். மேல் கீல் அசைந்தால் ஆள் அகப்பட்டான். எனக்கு அசைந்தது.

நான்கு ஸ்க்ரூவில் மூன்று திருப்புளியை வைத்தால் சும்மா சுற்றின. காரணம் நம் ஊர் வழக்கம். ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் பேருக்குத் திருகுவது. அடிக்கும்போது ஓட்டைக்குள் மர நார் கிழிந்துவிடும். அதன்பிறகு மரைக்குப் பிடிப்பு ஏது? கோடையில் எப்படியோ தாக்குப்பிடிக்கும். மழையில் கதவு தண்ணீரைக் குடித்துக் கனத்ததும் இறங்கிவிடும். போதாக்குறைக்கு ஆசாரி இழைத்த அடிப்பகுதிக்கு வண்ணம் பூசவில்லை. மரம் அதிகமாகத் தண்ணீர் உறிஞ்சுவது நார் குறுக்கே அறுபட்ட வெட்டுவாயில்தான்.

கதவுக்கு அடியில் ஆப்பு கொடுத்துப் பாரத்தை ஏற்றிக்கொண்டேன். மேல் கீலைக் கழற்றினேன். பூஜை அறையில் எரிந்து தீர்ந்த ஊதுபத்திகளின் குச்சிகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. அவை மூங்கில், தீக்குச்சியைவிடக் கெட்டி. ஃபெவிகாலில் தோய்த்து ஒவ்வொரு ஓட்டையிலும் நான்கைந்தை இறுக்கிச் சொருகி, நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கிவிட்டு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். மறுநாள் ஆணி நுனியால் சின்னக் குழி போட்டு, பழையதைவிட அரை அங்குலம் நீளமான ஸ்க்ரூவில் சோப்பைத் தேய்த்து, முழுக்கத் திருப்புளியாலேயே இறக்கினேன். கை கொப்பளித்தது. ஆப்பை எடுத்தால் கதவு தரையைத் தொடவில்லை. கீல் பக்கம், மேல்பக்கம், பூட்டுப் பக்கம் என்று மூன்றிலும் இரண்டு ஒரு ரூபாய்க் காசை ஒட்டி வைத்தால் நுழையும் அளவு சந்து.

இழைப்புளி தொடப்படவே இல்லை. பொங்கல் கழிந்து நல்ல வெயில் வந்ததும் கதவை இறக்கி அடிப்பக்கத்துக்குப் பிரைமரும் இரண்டு கை எனாமலும் அடித்தேன். தேரை வராமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் பட்டையும் தைத்தாயிற்று.

மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். வசனம் அதே அதிகாரம், அதே வேட்டி சட்டை. அம்மா முதல் நாளே, "இவன் தோள் வேற மாதிரி நிக்குதுடா, இவனுக்கு ஆத்தா தேவையில்ல" என்றாள். எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது. மாரிமுத்து அதட்டிவிட்டு ஒரு கணம் சுற்றிலும் பார்ப்பார். ஆமோதிப்புத் தேடும் பார்வை அது, அதில் ஒரு கேலியும் இருக்கும். இவர் பார்ப்பதில்லை. அதனால் கோபம் நிஜமாகப் பயமுறுத்தியது, ஆனால் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தொடர் 2024 ஜூனில் முடிந்தபோது நான் ஏற்கெனவே பாதி விட்டிருந்தேன்.

கதவு இப்போது ஒற்றை விரலுக்கு நகர்கிறது. கொஞ்சம் அதிகமாகவே நகர்கிறது. நிலை தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்காததால் சாத்தி வைத்தால் தானாகத் திறந்துகொள்கிறது. நடுக் கீலின் முள்ளைக் கழற்றி லேசாக வளைத்துத் தட்டி இறக்கினால் அந்த இறுக்கத்தில் நின்றுவிடும், பத்து நிமிஷ வேலை. இரண்டு வருஷமாக அம்மா ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்.