'ரிசெம்பிள்' (resemble, ஒத்திருத்தல்) என்ற ஆங்கில வினைக்குப் பின் 'டு' (to) வருமா?

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம் (கருவறை மேலுள்ள கோபுரம்) தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போன்றது என்று நீங்கள் எழுதிய ஆங்கில வாக்கியத்தில், 'ரிசெம்பிள்ஸ்' என்பதற்குப் பின் வரும் 'டு' மட்டுமே பிழை. அதை நீக்கிவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும்.

'சிமிலர் டு' என்று எழுதிப் பழகியதே காரணமாக இருக்கலாம். ஐயம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'விமானத்தை ஒத்திருக்கிறது' என்று இரண்டாம் வேற்றுமை வருவதுபோலவே இந்த ஆங்கில வினையும் செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். ஆனால் பெயர்ச்சொல்லான 'ரிசெம்ப்ளன்ஸ்' வரும்போது 'டு' தேவைப்படும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

'ஈஸ் ரிசெம்ப்ளிங்' என்று எழுதுவதையும் பொதுவாகத் தவிர்க்கவும். மேலும், இவ்வினை ஒப்புமையைக் குறிக்குமே தவிர முழுச் சமத்தைக் குறிக்காது. தஞ்சை விமானம் நேர்கோடாக உயர, சோழபுரத்து விமானம் உள்வளைந்து குறுகுவதால், உங்கள் எடுத்துக்காட்டுக்கு இச்சொல் மிகவும் பொருந்துகிறது.