பாட்டியின் பழ பிஸ்கட் ஏன் தட்டில் பரவுகிறது?

கேள்வி: என் பாட்டி நோட்டில் எழுதிவைத்த கிறிஸ்துமஸ் பிஸ்கட் குறிப்பு இது. மைதா 8 அவுன்ஸ், வெண்ணெய் 4 அவுன்ஸ், சர்க்கரை 4 அவுன்ஸ், உலர்ந்த பழங்கள் 3 அவுன்ஸ், முட்டை 1, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடி ஒரு தேக்கரண்டி. சூடு 350. '8 அவுன்ஸ் = 1 கப்' என்று பார்த்து, மைதா ஒரு கப், வெண்ணெயும் சர்க்கரையும் அரைக் கப் எடுத்தேன். பழத்தை ஒரு வாரம் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தேன். 180-இல் வைத்தால் பிஸ்கட் தட்டு முழுக்கப் பரவி ஒட்டிக்கொள்கிறது, மேலே உள்ள திராட்சை கருகுகிறது, மறுநாளே நமத்துப்போகிறது. ஓடிஜி மின் அடுப்பு பழசு, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். பேக்கிங் வகுப்பில் 'பிஸ்கட் இம்ப்ரூவர்' பொடி சேர்க்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். அடுப்பை மாற்ற வேண்டியதில்லை, பாட்டியின் கணக்கும் சரி. தவறு அந்தக் கப்பில் இருக்கிறது.

8 அவுன்ஸ் ஒரு கப் என்பது தண்ணீர், பால் அளக்கிற கணக்கு. பாட்டி எழுதியது எடை. ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குக் கொஞ்சம் கூட. ஆக 8 அவுன்ஸ் மைதா 227 கிராம். ஒரு கப் மைதாவோ 125 கிராம் பக்கம்தான் வரும். அரைக் கப் வெண்ணெய் மட்டும் சரியாக 113 கிராம் நிற்கும். அதாவது வெண்ணெயை முழுசாகப் போட்டு, மாவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துவிட்டீர்கள். பிடித்து நிறுத்த மாவு இல்லாமல் வெண்ணெய் உருகி ஓடாமல் என்ன செய்யும்? நீங்கள் அனுப்பிய படத்தில் பிஸ்கட்டின் ஓரம் வலைபோல் ஓட்டை ஓட்டையாகச் சிவந்திருக்கிறதே, அது மாவு குறைந்ததன் அடையாளம்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள். மைதா 227, வெண்ணெய் 113, பொடித்த சர்க்கரை 113, பழம் 85 கிராம். பாட்டி காலத்து முட்டை நாட்டுக்கோழி முட்டையாக இருந்திருக்கும், அது சின்னது. இப்போதைய பண்ணை முட்டையை அடித்து வைத்துக்கொண்டு, மாவு சேர்ந்து உருண்டு வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், மிச்சமிருந்தால் இருக்கட்டும். பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தேய்த்து வெட்டுங்கள். 350 என்பது ஃபாரன்ஹீட், அதனால் நீங்கள் வைத்த 180 செல்சியஸ் சரிதான்.

வெண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையின் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே அதே மஞ்சள் நிறத்தில், விலை குறைவாக 'ஃபேட் ஸ்ப்ரெட்' என்று ஒன்று இருக்கும். 'டேபிள் பட்டர்' என்று விற்கிற வெண்ணெயில் 80 சதவீதம் பால் கொழுப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி. இதில் 40 சதவீதம் கொழுப்பு இருந்தாலே சட்டம் விட்டுவிடுகிறது, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் உங்கள் பிஸ்கட்டுக்குள்தான் போகும். பெயரைப் பொடி எழுத்தில் போட்டு, பசுவின் படத்தைப் பெரிதாகப் போட எப்படி அனுமதிக்கிறார்கள்? எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், மாறுவதாக இல்லை. அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து பழம். ஊறவைப்பது கேக்குக்கு. பிஸ்கட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஊறிய திராட்சை சாற்றைப் பிடித்து வைத்திருந்து, டப்பாவுக்குள் போனதும் பிஸ்கட்டுக்குக் கொடுத்துவிடும். மொறுமொறுப்பு போவது அதனால்தான். திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் மிளகு அளவுக்கு நறுக்கி, ஒரு கரண்டி மைதாவில் புரட்டிப் போடுங்கள். முழுத் திராட்சை மேலே துருத்திக்கொண்டு நின்றால் உப்பிக் கருகிக் கசக்கும். நறுக்கினால் மாவுக்குள் அடங்கிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. போன வருடம் வாங்கி டப்பாவில் மறந்துபோன பழம், நகம் பதியாத அளவுக்குக் கல்லாகிக் கிடந்தால், அப்படியே போடக் கூடாது. கடிக்கிறவர் பல்லுக்கு ஆகாது. அதை இட்லித் தட்டில் துணி விரித்து ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள், இனிப்பும் மணமும் தண்ணீரோடு போய்விடும். ஆவியில் எடுத்ததும் வேறு காய்ந்த துணியில் பரப்பி, இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். காலையில் விரலால் அழுத்தினால் பழம் அமுங்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் இரண்டு மணி நேரம் பொறுங்கள். அப்புறம் நறுக்குங்கள்.

மசாலாவைப் பொடியாக வாங்காதீர்கள். கிராம்பில் எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சக்கையை விற்கிற தரகர்கள் இருக்கிறார்கள். பொடித்த பிறகு அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. முழுக் கிராம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்லது அடியில் போகும், சக்கை மிதக்கும். உங்கள் ஊரிலிருந்து கன்னியாகுமரி மாவட்டம் தூரமில்லை. மாறாமலைப் பக்கம் விளைகிற கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. முடிந்தால் அதை வாங்குங்கள். பட்டை, கையால் நொறுக்கினால் உடைகிற மெல்லிய, பல அடுக்குச் சுருளாக இருக்கட்டும். மரப்பட்டை மாதிரி தடித்து ஒற்றைச் சுருளாக இருப்பது வேறு இனம். காரம் தூக்கலாக இருக்கும். பட்டையையும் கிராம்பையும் ஒரு கரண்டி சர்க்கரையோடு சேர்த்து மிக்சியில் அரைத்தால் நைசாகும். ஜாதிக்காயை மட்டும் கடைசியில் துருவிப் போடுங்கள்.

அந்த இம்ப்ரூவர் பொடி வீட்டு பிஸ்கட்டுக்கு எதற்கு? உங்கள் குறிப்பில் குறைந்தது மாவு, பொடி அல்ல. வகுப்பு நடத்துகிறவரே பொட்டலமும் விற்றால், குறிப்பில் அந்தப் பொட்டலம் இல்லாமல் எதுவுமே வராது என்றுதான் சொல்வார். கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் புது அடுப்பு வாங்குவதற்கு முன்னால், அடுப்புக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கிப் பாருங்கள். திருகில் 180 என்று இருந்தாலும் உள்ளே 200 காட்டுகிற ஓடிஜிக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கேற்பத் திருகைக் குறைத்தால் போதும்.

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். டிசம்பர் மழை ஈரத்தில் நமத்தால், 150-இல் ஐந்து நிமிடம் மறுபடி வைத்து ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும். முதலில் இரண்டே இரண்டு பிஸ்கட்டை வெட்டிச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் பரவினால், ஒரு மேசைக்கரண்டி மாவு கூட்டிவிட்டு மீதியைச் சுடுங்கள்.