சிக்னல்ல நின்னா மட்டும் ஹீட் ஆகுதா? உங்க கேள்விகளும் என் பதிலும்

இந்த வாட்டி வந்த கேள்வில முக்காவாசி ஒரே புலம்பல்தான், காரு ஓடும்போது ஒழுங்கா இருக்கு, நின்னா கொதிக்குது. அதனால அதையெல்லாம் சேர்த்தே போட்டுட்டேன்.

ஓடும்போது டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது சார், டிராஃபிக்ல பத்து நிமிஷம் ஊர்ந்தா மேல ஏறிடுது. மெக்கானிக் வாட்டர் பம்ப் போச்சுங்கறார். மாத்திடவா?

அவசரப்படாதீங்க. பம்ப் போயிருந்தா வேகமா போகும்போதும் ஹீட் ஆகணுமே, உங்களுக்கு அப்படி ஆகல. ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், நின்னுட்டா ஃபேனை விட்டா வேற கதி கிடையாது, அதனால முதல்ல பார்க்க வேண்டியது ஃபேனைத்தான்.

வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசி போடுங்க. எலக்ட்ரிக் ஃபேன் இருக்கற வண்டில பெரும்பாலும் கொஞ்ச நேரத்துலயே ஃபேன் ஓட ஆரம்பிச்சிடும். ஏசிக்கு ஓடுது ஆனா ஏசி இல்லாம எஞ்சின் நல்லா சூடானாலும் ஓடலன்னா டெம்பரேச்சர் சென்சர், அதோட வயர் பக்கம் பாருங்க. ரெண்டுக்குமே ஓடலன்னா ஃபியூஸ், அடுத்தது ரிலே (ஃபேனுக்கு கரன்ட்டை ஆன் ஆஃப் பண்ற குட்டி சுவிட்ச்), அதுவும் நல்லா இருந்தா மோட்டாருக்கு பேட்டரிலேர்ந்து நேரா 12 வோல்ட் குடுத்துப் பாருங்க. அப்பவும் அசையலன்னா மோட்டார்தான். சில வண்டில சாவிய எடுத்தப்புறமும் ஃபேன் தானா கிளம்பும், கைய கிட்ட கொண்டு போகாதீங்க.

என் வண்டில இதே பிரச்சினை வந்தப்ப ஒரு ஒர்க்‌ஷாப்ல தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடற வால்வு) மாத்தினாங்க, சென்சரை மாத்தினாங்க, ஒண்ணும் நடக்கல. கடைசில நானே ரிலேவ புடுங்கிப் பார்த்தேன், ஒரு பின் மட்டும் காப்பிக்கலர்ல கருகி, அது உக்கார்ற சாக்கெட் பிளாஸ்டிக் லேசா உருகி ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. வண்டி ஆடும்போது கனெக்‌ஷன் வரும், நின்னா போயிடும். அங்க புது ரிலே மட்டும் சொருகியிருந்தா அதுவும் மறுபடி கருகியிருக்கும், சாக்கெட்டோட சேர்த்துத்தான் மாத்தினேன்.

ஃபேன் நல்லாத்தான் சுத்துது, ஆனாலும் ஏசி போட்டா ஏறுது.

சுத்தறது வேற, காத்து இழுக்கறது வேற. ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி, எஞ்சின் பக்கம் இருக்கற வண்டின்னா, ஒரு பேப்பரை முன்னாடி கிரில் பக்கம் வச்சுப் பாருங்க, ஒட்டிக்கணும். பறந்து போனா ஃபேன் தலைகீழா சுத்துது, மோட்டார் மாத்தினப்போ பிளஸ் மைனஸ் மாறிப் போயிருக்கும் (சிரிக்காதீங்க, நான் பார்த்திருக்கேன்). லேசா ஒட்டி ஒட்டி விழுந்தா ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னாடி அதே மாதிரி இருக்கற ஏசி பார்ட்) ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க, முன்னாடியிருந்து பார்த்தா பளிச்சுன்னு இருக்கும், நடுவுல தூசி, பூச்சி, காஞ்ச இலைன்னு மெத்தை மாதிரி அடைச்சிருக்கும். எஞ்சின் ஆறினப்புறம் சாதாரண பைப் தண்ணிய எஞ்சின் பக்கத்துலேர்ந்து வெளிய தள்ற மாதிரி அடிங்க, பிரஷர் வாஷர் வேணாம், ரேடியேட்டர்ல இருக்கற மெல்லிசு தகடு (ஃபின்) மடங்கிடும். ரெண்டு ஸ்பீடு ஃபேன்னா ஹை ஸ்பீடு வருதான்னும் பார்த்துடுங்க, ஸ்லோவா மட்டும் சுத்திக்கிட்டு நம்மள ஏமாத்தும்.

தெர்மோஸ்டாட்டை கழட்டிப் போட்டா ஹீட்டே ஆகாதுன்னு ஃபிரண்டு சொல்றான்.

வேணாம். எஞ்சின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் குடிக்கும், சில எஞ்சின்ல பைபாஸ் வழியா தண்ணி சுத்திக்கிட்டு ரேடியேட்டருக்குப் போறது குறைஞ்சு இன்னும் ஹீட் ஆகும். சந்தேகமா இருந்தா கழட்டி கொதிக்கற தண்ணில போட்டு திறக்குதான்னு பாருங்க, திறக்கலன்னா புதுசு போடுங்க.

வெறும் தண்ணி ஊத்தலாமா? வாரம் ஒருக்கா லெவல் இறங்குது.

ரெண்டும் வேற வேற கேள்வி. தண்ணி 100 டிகிரில கொதிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா கிட்டத்தட்ட 107, அதுக்கு மேல ரேடியேட்டர் மூடி பிடிச்சு வைக்கற பிரஷர்ல இன்னும் மேல போகும். மூடில 0.9, 1.1ன்னு போட்டிருக்கறது அந்த பிரஷர்தான். அதோட ரப்பர் வெடிச்சிருந்தா கூலன்ட் சீக்கிரம் கொதிச்சு வெளிய தள்ளும், இவ்ளோ சின்ன பார்ட்டுன்னு யாருமே பார்க்க மாட்டாங்க. கலக்கறதுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், உப்புத்தண்ணி ஊத்தினா ரேடியேட்டருக்குள்ள உப்புப் படிஞ்சிடும்.

லெவல் இறங்கறதுக்கு ஹோஸ் கிளிப், பம்ப் அடிப்பக்கம், உள்ள கார்பெட் ஈரமா இருக்கான்னு பாருங்க. எங்கயும் ஒழுகல, ஆனா டேங்க்ல குமிழ் விட்டுக்கிட்டே இருக்கு, சைலன்சர்ல வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோட வருதுன்னா ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சீல்) போயிருக்கும். அதோட ஓட்டாதீங்க, செலவு பெருசாகும்.

நடு ரோட்ல ஏறிடுச்சுன்னா என்ன செய்யறது?

ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க, வேர்த்துக் கொட்டும், பரவால்ல, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்படியே ஓரம் கட்டுங்க. ஹீட்டர்ல சூடு வராம வெறும் காத்து வந்தா உள்ள கூலன்ட் சுத்தல, இல்ல கூலன்ட்டே இல்லன்னு அர்த்தம், உடனே எஞ்சினை நிறுத்திடுங்க. மூடிய திறக்காதீங்க, துணி போட்டும் திறக்காதீங்க, முகத்துல அடிக்கும். அரை மணி நேரமாவது போகட்டும். சூட்டோட பச்சத்தண்ணி ஊத்தினா பிளாக், ஹெட் விரிசல் விட சான்ஸ் இருக்கு.

வண்டிய ஆஃப் பண்ணப்புறமும் ஃபேன் ஓடுது, கோளாறா?

இல்ல. சில நிமிஷத்துல நின்னுடும். நிக்காம பேட்டரி இறங்கற வரைக்கும் ஓடினா ரிலே ஒட்டிக்கிச்சு.

ஓபிடி ஸ்கேனர்ல (வண்டில சொருகி எஞ்சின் ரீடிங் பார்க்கற கருவி) 102 டிகிரி காட்டுது, முள்ளு அசையவே இல்ல. எது உண்மை?

ரெண்டும்தான். நிறைய வண்டில முள்ளு ஒரு பெரிய ரேஞ்சுக்கு நடுவுலயே நிக்கற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க, நாம பயந்துடக் கூடாதுன்னு. அது நகர்றப்ப ஏற்கனவே லேட்டு. 102 வந்து, ஃபேன் ஓடி, 95 பக்கம் இறங்கி, திரும்ப ஏறுதுன்னா எல்லாம் சரியா வேலை செய்யுது. ஃபேன் ஓடியும் 110ஐ தாண்டி ஏறிக்கிட்டே போனா ஓரம் கட்டிட்டு மேல சொன்ன பேப்பர் டெஸ்ட்லேர்ந்து ஆரம்பிங்க.