பச்சை விளக்குக்குப் பயந்து டீயை விடாதீர்கள், தம்பி

குடியாத்தத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து இரண்டு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. டீம்ஸ் செயலியில் நாம் வேலையில் இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு மஞ்சளாகிவிடுமோ என்று டீ போடக்கூட எழுந்திருக்கப் பயமாக இருக்கிறது. கம்பெனி லேப்டாப்பில் நம்மை எவ்வளவு தூரம் பார்க்கிறார்கள்? கேட்டால் வேலைக்கு ஆபத்தா?"

தம்பி, நானும் குடியாத்தம்தான். இங்கே வந்து 14 வருஷம். அதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். தினமும் கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும், டிபன் பாக்ஸ் உட்பட. தையல் லைனில் இருந்த பெண்கள் பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும். அதற்குப் பயந்து மே மாத வெயிலில் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. அந்தப் பயம் என்னோடு விமானத்தில் ஏறி வந்தது. முதல் வருஷம் மதியச் சாப்பாட்டைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே முடித்தேன். 6 மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிஷ இடைவேளை கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது என, கூட வேலை செய்த அம்மா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

இங்கே 'பெட்ரீப்ஸ்ராட்' என்று ஒன்று உண்டு, ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு. அது இருக்கும் கம்பெனியில், ஆட்களின் நடத்தையையோ வேலையையோ கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவியையும் அதன் ஒப்புதல் இல்லாமல் கொண்டுவர முடியாது. இந்தக் குழுக்கள் பற்றிய 1972ஆம் வருஷச் சட்டத்தின் 87ஆவது பிரிவு இது. மென்பொருளும் இதில் அடங்கும்.

குழு இல்லாத இடத்திலும் நினைத்தபடி வேவு பார்க்க முடியாது. ஒரு கம்பெனி, ஊழியர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் மென்பொருளைப் போட்டு, அதில் கிடைத்ததை வைத்து ஒருவரை வேலையை விட்டு நீக்கியது. 2017 ஜூலையில் இங்குள்ள உச்ச தொழிலாளர் நீதிமன்றம் அந்தப் பதிவை ஆதாரமாக ஏற்க மறுத்து, நீக்கியது செல்லாது என்றது. அவர் மேல் குறிப்பான சந்தேகம் எதுவும் இல்லாமல் அப்படி வேவு பார்த்ததுதான் தப்பு.

எங்கள் அம்மா வீட்டில் பீடி சுற்றியவர். ஏஜென்ட் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார், சாயங்காலம் கட்டுகளை எண்ணுவார். கழிவு என்று ஒதுக்குவதில் அநியாயம் நடக்கும், அதில் சண்டையும் வரும். ஆனால் அம்மா எப்போது எழுந்து உலை வைத்தார் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் செய்யும் வேலையை அந்த அளவுக்காவது நம்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு, இதைக் கவனமாகக் கேளுங்கள். வேலை நேரத்தைப் பதிவு செய்வது இங்கே கம்பெனியின் கடமை. 2022 செப்டம்பரில் அதே உச்ச தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. நேரத்தை நீங்களே எழுதச் சொன்னால், அது உங்களை நம்பிக் கொடுத்தது. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதினால் நோட்டீஸ் இல்லாமலே நீக்கலாம். பச்சை விளக்கு மாறாமலிருக்க மௌஸைத் தானாக அசைக்கிற கருவியை வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், உடம்பு சரியில்லை என்றால் எத்தனை நாள் வர முடியாது என்று சொன்னால் போதும். என்ன நோய் என்று மேனேஜரிடம் சொல்லத் தேவையில்லை. நாம் பழக்கதோஷத்தில் பேதி முதல் கழுத்து வலி வரை எல்லாம் சொல்லிவிடுகிறோம். ஊழியர்களின் நோய், குடும்பம் பற்றிய பேச்சுகளைக் குறித்து வைத்ததற்காக நியூரம்பர்க்கில் எச் அண்ட் எம் நிறுவனத்துக்கு 2020இல் 3.5 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விழுந்தது.

சரி, கேட்கலாமா? கேளுங்கள். முதலில் குழு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டீம்ஸ் பற்றிக் கம்பெனியோடு அது செய்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், உங்களைப் பற்றி என்னென்ன பதிவாகிறது என்று கம்பெனியின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதலாம். ஐரோப்பியச் சட்டப்படி பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் முதல் 6 மாதம் பணிநீக்கப் பாதுகாப்பு குறைவு. அதனால் புகார் போல எழுதாமல், புதிதாக வந்தவர் தெரிந்துகொள்ளக் கேட்பது போல எழுதுங்கள். பதில் ஜெர்மனில் வந்து புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிக்கலாம்.